பஞ்சை நிறுத்துப் பாருங்கள்: குயில்ட் விரிப்பு கேள்வி-பதில்

தரையில் போடும் குயில்ட் விரிப்பு பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்து நிறுத்தும் தையல். அவ்வளவுதான் பொருள். ஏமாற்று நடப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த நடுப்பகுதியில்.

ஆன்லைனில் 1,899 ரூபாய் கொடுத்து 'தூய பருத்தி குயில்ட் விரிப்பு' (4க்கு 6 அடி) வாங்கினேன். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் இருக்கிறது. முதல் துவையலிலேயே பஞ்சு மூலைக்கு ஓடி உருண்டை உருண்டையாகிவிட்டது. 'துவைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். வாங்கி 3 வாரம்தான் ஆகிறது. — வாசகி, வேலூர்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. துவைக்கலாம் என்று சொல்லி விற்றார்கள், துவைத்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு தையல் கோட்டுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி தெரிகிறது. உதிரிப் பஞ்சு அடைத்த விரிப்பில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் பஞ்சு நகரத்தான் செய்யும். நூல் செலவையும் தையல் நேரத்தையும் மிச்சம் பிடித்து, அந்த நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஓரத்தில் இரண்டு தையலைப் பிரித்து, ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து, சாமணத்தில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், தொட்டால் பொடியும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். 'தூய பருத்தி' என்று விற்றுவிட்டு உள்ளே பாலியஸ்டர் வைத்திருந்தால் உங்கள் புகார் இரட்டிப்பு பலமாகும்.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு இன்றைக்கே படத்தோடு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்துவிடுங்கள்.

வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணைகள் நிறைய இருக்கின்றன. பிரித்து விரிப்புக்குள் அடைக்கலாமா? — வாசகர், தேனி

வேண்டாம். தண்ணீர் பட்டால் கட்டியாகும், மிதிபட்டால் தூளாகும். மெத்தைக்கும் தலையணைக்கும்தான் அது சரி.

4க்கு 6 அடி விரிப்பு தைக்க எத்தனை மீட்டர் துணி வேண்டும்? கடைக்காரர் 'ரெண்டு மீட்டர் போதும்' என்று மேலுக்கும் அடிக்கும் இரண்டு இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தார். அகலம் பத்தவில்லை. — வாசகி, திருச்சி

பன்னா எவ்வளவு என்று கேட்டீர்களா? 44 பன்னாத் துணி 44 இன்ச்தான் அகலம். உங்களுக்கு வேண்டியது 48. எத்தனை மீட்டர் எடுத்தாலும் ஒரே பாகமாக வராது, நடுவில் ஒட்டுப் போட்டே ஆக வேண்டும். 4 அடி அகலத்துக்கு 58 அல்லது 60 பன்னாவில் துணி கேளுங்கள்.

அடித்துணி நான்கு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படியானால் 52க்கு 76 இன்ச். 60 பன்னாவில் இரண்டேகால் மீட்டர் எடுத்தால் சுருக்கத்துக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். 44 பன்னாவில் இரண்டு பாகம் ஒட்டவேண்டி வரும், அதற்கு நாலேகால் மீட்டர். மேல்துணிக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தையல் போடப் போடத் துணி உள்ளே இழுக்கும். ஓரப்பட்டிக்குத் தனியாக அரை மீட்டர். எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். பருத்தித் துணி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கலாம். தைத்த பிறகு சுருங்கினால் விரிப்பு முழுவதும் சுருக்கம் விழுந்து நிற்கும்.

விரிப்பு நன்றாக மெத்தென்று இருக்க எத்தனை இன்ச் பஞ்சு வாங்க வேண்டும்? 2 இன்ச், 3 இன்ச் என்று கடையில் சொல்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. — வாசகர், மதுரை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இன்ச் கணக்கில் பஞ்சு வாங்கவே வாங்காதீர்கள். எத்தனை இன்ச் என்பது பஞ்சின் அளவு இல்லை, அதற்குள் இருக்கும் காற்றின் அளவு.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு மொத்தக் கடையில் 'மூணு இன்ச் பஞ்சு சார், முதல் தரம்' என்று வாங்கி வந்தேன். ரோலைப் பிரித்தபோது பொங்கி எழுந்து நின்றது. இரண்டு துணிக்கு நடுவே வைத்துத் தைத்துக் கூடத்தில் போட்டேன். ஒரே மாதத்தில் ஆள் நடக்கிற பாதை முழுவதும் தட்டையாகி, ஓரம் மட்டும் புடைத்து நின்றது. பிரித்து எடுத்து எடை போட்டபோதுதான் விவரம் தெரிந்தது. நான் கொடுத்த விலைக்கு வரவேண்டிய பஞ்சில் பாதிகூட அதில் இல்லை. கடையில் போய்க் கேட்டதற்கு 'எடையை நாங்க சொல்லவே இல்லையே' என்றார்கள். அது உண்மைதான். சொல்லாமல் விட்டதில்தான் அவர்களுடைய லாபமே இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் பஞ்சு எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 100, 150, 200, 300 என்று பல எடையில் வருகிறது. 4க்கு 6 அடி என்பது ஏறக்குறைய இரண்டேகால் சதுர மீட்டர். அதில் 200 ஜிஎஸ்எம் ஒரு அடுக்கு சுமார் 450 கிராம், இரண்டு அடுக்கு 900 கிராம். கிலோ கணக்கில் விற்கும் கடையானாலும், 200 ஜிஎஸ்எம் பஞ்சு ஒரு கிலோ வாங்கினால் 5 சதுர மீட்டர் வந்தாக வேண்டும்.

வீட்டில் சரிபார்ப்பது சுலபம். 50 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் மடித்து வையுங்கள். வரும் கிராமை நாலால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 50 கிராம் காட்டினால் 200. 'இருநூறு' என்று விற்றது 30 கிராம்தான் காட்டுகிறது என்றால், நீங்கள் வாங்கியது 120.

தரை விரிப்புக்கு 200 ஜிஎஸ்எம் இரண்டு அடுக்கு என்பது என் கணக்கு. அதிலும் குளிருக்குப் போர்த்தும் ரஜாய்க்குப் போடும் பொங்கிய பஞ்சு வேண்டாம், ஊசியால் குத்தி இறுக்கிய நீடில் பஞ்ச் ரகமாகக் கேளுங்கள். பார்க்க மெல்லியதாக இருக்கும், ஆனால் காலுக்கு அடியில் நிற்கும். கட்டைவிரலை அழுத்தி வைத்துப் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். பள்ளம் உடனே எழும்பினால் நல்ல பஞ்சு. குழி அப்படியே நின்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஜிஎஸ்எம் என்ன என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மூன்று எழுத்தையும் ஒரு எண்ணையும் எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். அரிசியைப் படி ததும்ப அளந்துகொடுத்தாலும் எடை கேட்கிற நாம், பஞ்சை மட்டும் கண்ணால் பார்த்துக் காசு கொடுக்கிறோம். வியாபாரிகளுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குயில்ட் விரிப்பு தைக்கலாம் என்று 1,700 ரூபாய்க்கு ஒரு கையடக்க மினி தையல் மெஷின் வாங்கினேன். இரண்டு இன்ச் தைத்ததும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்கள். — வாசகர், கோவை

இதை ஏமாற்று என்று சொல்ல என்னால் முடியவில்லை. நீங்களே அனுப்பிய விளம்பரத்தில் 'மெல்லிய துணி, சிறு ஒட்டு வேலைகளுக்கு' என்று போட்டிருக்கிறது. வாங்கும் முன் அதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு துணியும் இரண்டு அடுக்குப் பஞ்சும் சேர்ந்த கனத்தை அந்த மோட்டார் இழுக்காது. மேலும் ஓட்டினால் மோட்டார் சூடாகும்.

பக்கத்தில் கால் மெஷின் வைத்திருக்கும் தையல்காரரிடம் கொடுங்கள். 16 நம்பர் ஊசி, கொஞ்சம் நீளத் தையல், நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் குவிந்து மடிப்பு விழும். தைப்பதற்கு முன் ஒரு சாண் இடைவெளியில் ஊக்கு குத்தி மூன்று அடுக்கையும் நகராமல் பிடித்துக் கொடுத்தால் அவருக்கும் வேலை குறையும், கூலியிலும் பேச இடம் இருக்கும். மெஷினே வேண்டாம் என்றால் கையாலேயே ஓட்டுத் தையல் போடலாம். வங்காளத்துக் காந்தாவும், வட கர்நாடகத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தியும் கைத்தையல் குயில்ட்தான்.

200 ஜிஎஸ்எம் பஞ்சு இரண்டு அடுக்கும் துணியும் நானே வாங்கி ஒரு தையல் கடையில் கொடுத்தேன். கூலி 1,400 ரூபாய். வந்த விரிப்பு கல் மாதிரி கனத்தது. மூலையைப் பிரித்தால் உள்ளே பனியன் வேஸ்ட் துண்டுகள். என் பஞ்சு எங்கே என்று கேட்டால் கத்துகிறார். பில் தரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதற்காகத் தைக்கக் கொடுத்தது. — வாசகி, விருதுநகர்

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது அம்மா. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். நல்ல பஞ்சு பார்த்து வாங்கிக் கொடுத்த உங்களிடமிருந்தே அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மேற்கொண்டு பிரிக்காதீர்கள். பிரித்த மூலையை, உள்ளே இருக்கும் துண்டுகள் தெரியும்படி, அளவு டேப்பையும் வைத்துப் படம் எடுங்கள். விரிப்பைத் தராசில் வைத்து அந்த எண்ணையும் படம் எடுங்கள். பஞ்சும் துணியும் வாங்கிய பில், கூலி கொடுத்த ஜிபே பதிவு, அவருடன் பேசிய வாட்ஸ்அப், எல்லாமே ஆதாரம். பில் தர மறுத்தது உங்கள் வழக்கைக் கெடுக்காது. அது அவர் பக்கம் இன்னொரு தவறு. அதுவும் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பஞ்சின் விலை, துணியின் விலை, கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தையல் கூலியும் சேவைதான், சட்டம் அதற்கும் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் மனு கொடுத்தால் போதும். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கடைக்கு அடுத்து பஞ்சு கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தைக்கக் கொடுக்கும்போது துணியையும் பஞ்சையும் சேர்த்து அவர் கண் முன்னாலேயே எடை போட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். தைத்து வந்ததும் மறுபடி எடை. ஓரத்தில் வெட்டிப்போன துணி போகக் கிட்டத்தட்ட அதே எடை இருக்க வேண்டும்.

'பவானி ஜமக்காளம்' என்று ரொம்ப மலிவாக ஒரு கடையில் கிடைக்கிறது. விரிப்புக்கு அடித்துணியாக வைக்கலாமா? — வாசகர், சேலம்

ஜமக்காளத்தோடு பஞ்சையும் சேர்த்து வீட்டு மெஷினில் தைக்க முடியாது, ஊசி ஒடியும். ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மலிவு விலைதான் எனக்கு உறுத்துகிறது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் பொருள். ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கிய ரகங்களில் ஒன்றும்கூட. விசைத்தறியில் ஓட்டிவிட்டு பவானி என்று பெயர் சொல்லி விற்றால், ஏமாறுவது நீங்கள் மட்டுமில்லை, பவானியில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் கூலியும் அதில் போகிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டுறவுச் சங்கக் கடையில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் வாங்குங்கள்.

டைல்ஸ் தரையில் விரிப்பு வழுக்குகிறது. — வாசகி, சென்னை

அடியில் வழுக்காத ரப்பர் வலை போடும் வரை விரிப்பைச் சுருட்டி வையுங்கள். இன்றைக்கே.

ஆறு மாதக் குழந்தையைப் படுக்க வைக்கத் தடிமனாக ஒன்று தைக்கலாமா? — வாசகி, ஓசூர்

விளையாட என்றால் தையுங்கள், மெல்லியதாக, பட்டன், மணி எதுவும் இல்லாமல். தூங்க வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் குழந்தை தூங்கும் இடம் சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். குப்புறப் புரண்டால் மெத்தென்ற துணியில் முகம் புதைந்து மூச்சு முட்டும்.

பாட்டியின் பழைய சுங்குடிப் புடவைகளை மேல்துணியாக வைத்துத் தைக்க ஆசை. சாயம் போகுமா? — வாசகி, திண்டுக்கல்

தாராளமாகத் தையுங்கள். பலமுறை துவைத்த பருத்திப் புடவை அளவுக்கு மென்மையான மேல்துணி கடையில் கிடைக்காது. நைந்த இடத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து வெட்டி எடுத்துவிடுங்கள், நன்றாக இருக்கும் பாகத்துக்கு அடியில் ஒரு மல் துணி வைத்துத் தைத்தால் கிழியாது. சாயத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் புடவையை மட்டும் தனியாக இரண்டு மூன்று முறை அலசி மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறினால் அதை வேறு விரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளிர் நிறப் புடவையோடு சேர்க்க வேண்டாம்.