சின்ன வயசுல காம்பஸைப் (திசைகாட்டி) பார்த்து ஐன்ஸ்டீனுக்கு ஆர்வம் வந்த மாதிரி எனக்கு எதுவும் அமையலையே, இயற்பியல் எடுக்கலாமா?

தாராளமா எடுங்க. ஒரே நாள்ல பொறி தட்டணும்னு கட்டாயமே இல்லைங்க.

கதையா சொல்றப்போ எல்லாரும் ஒரு சம்பவத்தை மட்டும் பிடிச்சு சொல்றாங்க, அதான் உங்களுக்குக் குறையா தெரியுது. மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன விஞ்ஞானி ஃபாரடே புக் பைண்டிங் கடையில வேலை பழகினவர், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படிச்சுப் படிச்சே ஆர்வம் ஊறுச்சு, 1812ல வேதியியல் விஞ்ஞானி டேவியோட லெக்சர் கேட்டு எடுத்த நோட்ஸை பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பினார், 1813ல லேப் உதவியாளர் ஆயிட்டார்.

நீங்க ஒண்ணு செஞ்சு பாருங்க. சுடுதண்ணி ஆறுறதை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தெர்மாமீட்டர்ல பார்த்து கிராஃப் போடுங்க. நேர்கோடா வராது, ஆரம்பத்துல மளமளன்னு இறங்கி அப்புறம் மெதுவாகும். ஏன்னு மண்டைக்குள்ள குடைஞ்சு, மூடி போட்டு இன்னொரு தரம் பார்க்கத் தோணுதா? அந்தக் குடைச்சல்தான் முக்கியம்.

மார்க் நல்லா வர்றதை மட்டும் ஆர்வம்னு நினைச்சுடாதீங்க, அது வேற.