ஐந்து நாளையும் டெல்ஃப்டிலேயே இருங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. வங்கி வேலையில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, ஜூன் மாதம் நெதர்லாந்தின் ஹூக் ஃபான் ஹாலந்து கடற்கரையிலிருந்து ரைன் நதியை ஒட்டியே சுவிட்சர்லாந்து வரை தனியாக சைக்கிளில் போகப்போகிறேன். என் சைக்கிளையே அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் எடுத்துப் போகிறேன். கிளம்பும் முன் டெல்ஃப்ட் ஊரில் சித்தி மகள் வீட்டில் ஐந்து நாள் தங்கத் திட்டம். ‘இவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரு சின்ன ஊர்ல சும்மா உட்காரணுமா? பாரிஸையாவது பார்த்துட்டு வா’ என்கிறார் அண்ணன். யோசித்தால், பயத்தில்தான் நாட்களைக் கூட்டினேனோ என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
— வாசகி, திருச்சி

பதில்:

அன்புச் சகோதரி, ஐந்து நாளையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றைக்கூட பாரிஸுக்குக் கொடுக்க வேண்டாம். ரயில், வரிசை, நெரிசல் என்று அலைந்துவிட்டு வந்து, அந்த அலுப்போடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கத் தொடங்குவது உடம்புக்குச் செய்யும் அநியாயம். விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று மட்டும் இப்போதே பாருங்கள். போய் இறங்கும் நாளும் கணக்கில் சேரும்.

ஜூனில் அந்த ஊர் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அதனால் முதல் சில நாள் விடியுமுன்பே விழித்துவிடுவீர்கள். புரண்டு படுக்காமல் எழுந்து சைக்கிளை எடுங்கள். ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், தெருவில் ஆளிருக்காது. உங்களுக்கு மிகவும் தேவையான பயிற்சிக்கு அதுதான் நேரம். அங்கே சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். நேராகப் போகும்போது சிக்கல் இல்லை. இடப்புறம் திரும்பியதும் பழைய பழக்கம் நம்மைத் தப்பான பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதே நாற்சந்தியைச் சுற்றிச் சுற்றி வந்து, யோசிக்காமல் சரியான பக்கத்துக்குப் போகும்வரை திரும்பிப் பழகுங்கள்.

சாலையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்துக் கூர் நீட்டியிருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. டெல்ஃப்டின் நடுவே டிராம் ஓடுகிறது. தண்டவாளப் பள்ளத்தில் சக்கரம் சிக்கினால் கீழே விழுவது நிச்சயம், குறிப்பாக மழை ஈரத்தில். அதனால் எப்போதும் குறுக்காக, நேர்க்கோணத்தில் கடந்து போங்கள். ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடிப்பது 2019 முதல் அங்கே குற்றம். அதற்கொரு தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய அன்றே சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாகங்களை மாட்டிவிடுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது நினைவிருக்கட்டும். பின்சக்கரத்தருகே கியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு விமானத்தில் வளைந்துவிடுவது சகஜம். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் துண்டு ஒன்றை இங்கிருந்தே உபரியாக எடுத்துப் போங்கள், மாடலுக்கு மாடல் மாறும் சாமான் அது. பழுதுபார்க்கும் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் போன உடனே ஆள் கிடைக்காமல் போகலாம். இரண்டாம் நாளே கிளம்பச் சொல்கிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல பூட்டு இரண்டு வாங்குங்கள். சைக்கிள் திருட்டு அந்த நாட்டில் நிறைய.

இனி ஊர். எனக்குப் பிடித்த ஊர் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். டெல்ஃப்டில் பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட்டு ஓடாதீர்கள். சதுக்கத்தில் இருக்கும் புதிய தேவாலயமான நியூவ கெர்க்கின் கோபுரத்துக்கு 376 படி. முழங்காலை ரைனுக்காகச் சேமித்து வையுங்கள். பழைய தேவாலயமான அவுட கெர்க்கின் கோபுரம் கால்வாய்க் கரையில் கண்ணுக்குத் தெரியவே சாய்ந்து நிற்கிறது. ஓவியர் வெர்மீரை 1675-ல் உள்ளே அடக்கம் செய்தார்கள். அந்தக் கால்வாய் ஓரமாக ஒரு பெஞ்சில் ஒரு முற்பகல் முழுக்க உட்காருங்கள். முன்னால் குழந்தை, பின்னால் காய்கறிப் பை என்று ஏற்றிக்கொண்டு அவசரமே இல்லாமல் மிதிக்கிற பெண்களைக் கவனியுங்கள். உங்களுக்கும் தேவை அந்த வேகம்தான். வியாழக்கிழமை சதுக்கத்தில் சந்தை கூடும். சீஸ், ரொட்டி, பழம் வாங்கி, வழியில் உங்கள் மதியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அன்றே சோதித்துப் பாருங்கள்.

ஒரு நாள் தி ஹேக் போய் வாருங்கள். கால்வாயை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வெர்மீர் வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சி அங்கே மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் மேகத்தையும் தண்ணீரையும் அதில் அடையாளம் காண்பீர்கள். மதியம் ஒரு சூரினாம் (தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு) கடையில் ரொட்டி சாப்பிடுங்கள். 1873-ல் கல்கத்தாவிலிருந்து லல்லா ரூக் என்ற கப்பலில் தொடங்கி, சூரினாமின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் பலர் பின்னாளில் நெதர்லாந்தில் குடியேறினார்கள். உருளைக்கிழங்கு மசாலாவும் நீளக் காராமணிக்காயும் வைத்துத் தருவார்கள். வீட்டுச் சாப்பாட்டு ஏக்கத்துக்கு அது நல்ல மருந்து.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், கொஞ்சம் பயத்தில்தான் நாட்களைக் கூட்டியிருப்பீர்கள். அது சரியான பயம். தனியாகப் போகிறவர்களுக்கு மலையேற்றத்தைவிடக் கடினம் மாலை ஆறு மணிக்குப் பேச ஆளில்லாமல் இருப்பது. அதை டெல்ஃப்டிலேயே பழகுங்கள். சித்தி மகள் அன்பில் கூடவே வருகிறேன் என்பாள். இரண்டு நாளாவது ‘நான் தனியாப் போய்ட்டு வரேன்டா’ என்று சொல்லிவிடுங்கள். ஓர் இரவு ஊருக்குக் கிழக்கே டெல்ஃப்ட்ஸ ஹவுட் ஏரிப்பக்கம் இருக்கும் முகாமில் கூடாரம் போட்டுத் தூங்குங்கள். எது மறந்தது, எது பாரம் என்று அந்த ஓர் இரவு காட்டிக்கொடுக்கும். ‘ஃப்ரிண்டன் ஆப் த ஃபீட்ஸ்’ என்ற அமைப்பில் சேர்ந்தால், சைக்கிளில் வருபவர்களுக்குத் தங்கள் வீட்டில் குறைந்த கட்டணத்தில் அறை தரும் குடும்பங்களின் முகவரிகள் கிடைக்கும். தனியாக வரும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

நான்காம் நாள் பாரமில்லாமல் ஹூக் ஃபான் ஹாலந்து போங்கள், சுமார் 25 கிலோமீட்டர். வழிநெடுக வெஸ்ட்லாந்தின் கண்ணாடித் தோட்டங்கள். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அதனால் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். சைக்கிள் பாதைகள் கூடும் இடங்களில் பச்சைப் பலகைகளில் உள்ள சந்திப்பு எண்களைத் தாளில் எழுதி சைக்கிளில் ஒட்டிக்கொண்டு, வரைபடம் பார்க்காமல் போகப் பழகுங்கள். கடலைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். அந்தத் திரும்பல்தான் உங்கள் ரைன் பயணத்தின் முதல் கட்டம். அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள்.

கிளம்பும் நாளில் மறுபடி கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. டெல்ஃப்டிலிருந்து ஸ்கீ கால்வாயை ஒட்டி ராட்டர்டாம் போய், அங்கிருந்து 19 காற்றாலைகள் நிற்கும் கிண்டர்டைக் வரை போனால் முதல் நாளுக்குப் போதும். மொத்தம் 35 கிலோமீட்டர் சுமார். முழுப் பாரத்தோடு அதற்கு மேல் அன்று வேண்டாம்.