அண்ணனைச் சபையில் நிறுத்தியது

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்றதிலிருந்து என் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் தினமும் பொய்ச் செய்திகளாக அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் நான் அங்கேயே ஆதாரத்தோடு மறுப்பு போடுவேன். போன வாரம், "உனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியுமா?" என்று கேட்டவர், அதன்பின் என்னோடு பேசுவதில்லை. அவ்வளவு படித்தவர், இதுகூடவா தெரியாது? எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் அந்த அல்காரிதம்தான் அவரை இப்படி மாற்றிவிட்டதா? நான் குழுவிலிருந்து விலகிவிடட்டுமா?

- க.

அன்புள்ள க.,

அல்காரிதத்தை விடுங்கள். 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் சிலருக்கு மூன்று மாதம் அல்காரிதம் இல்லாமல், பதிவுகளை வெறும் நேர வரிசையில் காட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய அரசியல் பகைமை குறையவில்லை. உங்கள் குடும்பக் குழுவில் செய்திகள் எப்போதுமே வந்த வரிசையில்தானே வருகின்றன?

"இதுகூடவா தெரியாது?" என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அவருக்குத் தெரியும். பென்னிகுக், ராண்ட் என்ற ஆய்வாளர்களின் குழு 2021-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரே தலைப்புச் செய்திகளை இரண்டு பிரிவினரிடம் காட்டினார்கள். 'இது உண்மையா?' என்று கேட்கப்பட்டவர்கள் பொய்யையும் மெய்யையும் பெரும்பாலும் சரியாகவே பிரித்தார்கள். 'இதைப் பகிர்வீர்களா?' என்று கேட்கப்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. தங்கள் கட்சிக்கு ஏற்ற செய்தியா என்பதே முன்னால் வந்து நின்றது. ஆனால் அவர்களிடமே, உண்மைதான் முக்கியமா என்று கேட்டால், ஆமாம் என்கிறார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். விரல் அழுத்துகிற நொடியில் அந்தக் கேள்வி எழுவதில்லை, அவ்வளவுதான்.

எனக்கே எழவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, காணாமல் போன குழந்தையின் படம் வந்தது. என் மகளுக்கும் அதே வயது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். தேதியைப் பார்க்காமல், யார் அனுப்பியது என்று யோசிக்காமல், எனக்கிருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். மறுநாள் காலை ஒரு நண்பர் போன் பண்ணினார். "அந்தக் குழந்தை கிடைத்து ரொம்ப நாளாகிவிட்டது. அதன் அப்பாவுக்கு இன்னும் ராத்திரியெல்லாம் போன் வந்துகொண்டே இருக்கிறதாம்" என்றார். அவரும் நானும் ஒரே குழுவில்தான் இருந்தோம். அங்கே அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு குழுவிலும் நானே மறுப்பு போட்டேன். அவர் மட்டும் எல்லார் முன்னாலும் ஆதாரத்தோடு வந்திருந்தால், "நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினேன்" என்று நிச்சயம் சண்டைக்குப் போயிருப்பேன்.

நீங்கள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள், தினமும். கூடப் பிறந்தவரை, பிள்ளைகளும் மருமக்களும் பார்த்திருக்கும் சபையில் நிறுத்தி, தவறு தவறு என்று கோடு போட்டிருக்கிறீர்கள். பொய்யான அரசியல் செய்தி பகிர்ந்த சுமார் 2,000 பேருக்கு, ட்விட்டரில் பொதுவில், மரியாதையாகவே ஒரு திருத்தம் அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்றும் 2021-இல் வந்தது. அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் பகிர்ந்தவற்றின் தரம் இன்னும் இறங்கியது, பேச்சில் கடுமை கூடியது. முன்பின் தெரியாதவர் சொன்னதற்கே இப்படி. தங்கையோ தம்பியோ சொன்னால்? உங்கள் மறுப்பைப் படித்த மற்றவர்களுக்குப் பலன் இருந்திருக்கும், மறுக்கவில்லை. அதற்கு அண்ணன்தானா கிடைத்தார்?

விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு பார்க்கலாம். "ஓய்வு பெற்றதிலிருந்து" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பகல் முழுக்க அந்த மனிதர் என்ன செய்கிறார்? யாரோடு பேசுகிறார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இன்று போன் பண்ணி அதைக் கேளுங்கள். எடுக்காவிட்டால் நாளைக்கும் பண்ணுங்கள்.