முகம் இயல்பாகத் தெரிய எந்தக் குவியத் தூரம் கொண்ட லென்ஸ் ஏற்றது?
குவியத் தூரம் என்பது லென்ஸின் மேல் மி.மீ. அளவில் குறிக்கப்படும் எண், அது குறைந்தால் காட்சி பரந்தும் கூடினால் நெருங்கியும் தெரியும். 24 மி.மீ. லென்ஸில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரிவதற்கு லென்ஸையே பலர் குறை கூறுகின்றனர். உண்மையில் முகத்தின் விகிதங்களைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் தொலைவுதான், அந்த லென்ஸில் முகம் சட்டத்தை நிரப்ப அரை மீட்டருக்கும் குறைவாக நெருங்க நேர்வதாலேயே மூக்கு பெரிதாகிறது. ஆகவே முதலில் ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி நின்று, பிறகு குவியத் தூரத்தை முடிவு செய்யுங்கள். முழுச்சட்ட கேமராவில் (36 × 24 மி.மீ. சென்சார் கொண்டது) தலையும் தோளும் அடங்க 85 முதல் 105 மி.மீ. வரை பொருந்தும், 1.5 மடங்கு சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 56 மி.மீ. போதும். சூழலையும் காட்ட வேண்டுமெனில், முழுச்சட்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸையே நான் பரிந்துரைப்பேன். கைப்பேசி மட்டுமே இருந்தாலும், தள்ளி நின்று எடுத்துப் பின்னர் ஓரங்களை வெட்டினால், தெளிவு சற்றுக் குறையுமே தவிர முகத்தின் விகிதம் மாறாது.