எக்செல்லில் எக்ஸ்லுக்கப்பும் ஆட்டோசேவும்: கேள்வி பதில்

கீழமாசி வீதி, மளிகை மொத்தக்கடை: பெயரைத் தேடி விலையை எடுக்கும் வீலுக்கப் ஃபார்முலா போட்டால் சில சரக்குக்குத் தப்பான விலை வருகிறது. எக்ஸ்லுக்கப்புக்கு மாறலாமா?

தாராளமாக மாறுங்க. வீலுக்கப்பில் நாலாவதாக ஃபால்ஸ் கொடுக்காமல் விட்டால், அது தோராயமாகத் தேடும். விலைப்பட்டியலில் சீரகம் இல்லையென்றால், அதற்கு முன்னால் நிற்கும் கடுகின் விலையைச் சத்தமில்லாமல் எடுத்துப் போடும். எக்ஸ்லுக்கப் அச்சு அசலாகப் பொருந்தும் பெயரை மட்டுமே எடுக்கும். அடைப்புக்குள் இந்த வரிசையில் கொடுங்க: பில் ஷீட்டில் சரக்குப் பெயர் உள்ள ஏ2, விலைப்பட்டியல் ஷீட்டில் பெயர்கள் உள்ள பி2 முதல் பி500, அதே ஷீட்டில் விலைகள் உள்ள ஏ2 முதல் ஏ500, கடைசியில் இரட்டை மேற்கோளுக்குள் "இல்லை". விலை இடப்பக்கம் இருந்தாலும் எடுத்துவிடும். பட்டியல் இரண்டில் ஒவ்வொன்றையும் தேர்ந்ததும் எஃப்4 அழுத்தி டாலர் குறி போடுங்க. இல்லாவிட்டால் கீழே இழுக்க இழுக்கப் பட்டியலும் சேர்ந்து நகரும். பட்டியலில் இருக்கும் பெயருக்கே 'இல்லை' வந்தால், அனேகமாகப் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். அதிகப்படி ஸ்பேஸை நீக்கும் டிரிம் போட்டுப் பாருங்க.

ஒன்று முக்கியம். அந்த ஃபைலை ஆடிட்டர் போல வேறு யார் திறப்பார்கள், அவரிடம் எந்த எக்செல் என்று முதலில் கேளுங்க. எக்ஸ்லுக்கப் எக்செல் 365, 2021, 2024-ல் உண்டு. 2016, 2019-ல் கிடையாது. அங்கே திறந்ததும் பழைய எண்தான் தெரியும், எல்லாம் சரி என்று தோன்றும். செல்லைத் தொட்டு எண்டர் தட்டினால் நேம் எரர்.

அண்ணா நகர்: ஆடிட்டர் புதுசு வாங்கட்டுமே! அவருக்காக நாங்கள் பழசிலேயே கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம். ஆனால் ஜிஎஸ்டி கடைசி நாளில் அவர் மேஜையில் எரர் வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வேலை ஃபைலில் புதுசையே போடுங்க. அனுப்பும்போது வேறு பெயரில் சேவ் செய்து, ஷீட் முழுவதையும் காப்பி எடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுங்க.

திருநகர்: இதே வேலைக்கு இன்டெக்ஸ், மேட்ச் ஃபார்முலாக்கள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பழைய எக்செல்லிலும் ஓடும் என்பது அதன் பலம். ஃபைல் பல கை மாறுமானால் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் மேட்ச்சின் கடைசியில் பூஜ்யத்தை விட்டால் அதுவும் தோராயத்துக்குப் போய்விடும். கணக்கு எழுத வரும் புதுப் பையனுக்கு எக்ஸ்லுக்கப்தான் சீக்கிரம் பிடிபடும்.

மேலூர்: என்னிடம் எக்ஸ்லுக்கப் வரவில்லையே?

ஃபைல், அக்கவுண்ட் போய் எந்த வருட எக்செல் என்று பாருங்க. 2019 என்றால் வராது. மேலேயே சொல்லியாச்சு.

மாட்டுத்தாவணி, பூக்கடை: போன மாத மல்லிகைக் கணக்கில் எண்களை மாற்றிப் பார்த்தேன். சேவ் கொடுக்காமல்தான் மூடினேன், பழசு போய்விட்டது.

ஃபைல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இருக்கிறது போல, அதனால் தானாகவே சேவ் செய்யும் ஆட்டோசேவ் ஓடியிருக்கிறது. ஃபைல், இன்ஃபோ, வெர்ஷன் ஹிஸ்டரி போங்க; மாற்றுவதற்கு முந்தைய நேரத்தைத் திறந்து ரீஸ்டோர் கொடுங்க. இனிமேல் பழைய மாதத்தைத் தொடும் முன் சேவ் எ காப்பி. கை வைத்த பிறகு அல்ல, அதற்கு முன்பு.

சிம்மக்கல்: பிரிண்டரில் கோடு விழுகிறது.

பிரிண்டர் மெக்கானிக்கிடம் காட்டுங்க.

உசிலம்பட்டி: எக்ஸ்லுக்கப் என் எக்செல் 2016-ல்...

வராது. இன்டெக்ஸ், மேட்ச் போடுங்க.

திருமங்கலம்: பாக்கிக்காரர் பட்டியலுக்கு ஃபில்டர் ஃபார்முலா போட்டால் ஸ்பில் எரர் வருகிறது.

விடை கீழே இறங்கக் காலி இடம் வேண்டும். வழியில் ஒரு எழுத்தோ மெர்ஜ் செய்த செல்லோ இருந்தால் இறங்காது. கன்ட்ரோல் டி (T) போட்ட டேபிளுக்குள்ளும் வேலை செய்யாது. ஃபார்முலாவை டேபிளுக்கு வெளியே எழுதுங்க.