ரஃபேலா, எஃப்-35ஆ: எது விலை கூட, எது பலம் கூட?

ஹட்டனில் பாடசாலை விவாதத்துக்கு ஆயத்தமாகும் தம்பி ஒருவர் போர்விமானங்களைப் பற்றிக் கேட்ட கேள்வி: "அமெரிக்காவின் எஃப்-35 ஒன்று 80 மில்லியன் டொலர், பிரான்சின் ரஃபேல் ஒன்று 218 மில்லியன் யூரோ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் எஃப்-35 மலிவுதானே? சண்டையில் எது வெல்லும்?"

தம்பி, அந்த இரண்டு எண்ணும் ஒரே தராசில் நிறுத்தவை இல்லை. இந்தியா 2016இல் 36 ரஃபேலுக்குச் செய்த ஒப்பந்தம் ஏறத்தாழ 7.87 பில்லியன் யூரோ. அதை 36ஆல் பிரித்து வந்ததுதான் 218. ஏவுகணை, உதிரிப்பாகம், இந்தியா கேட்ட மாற்றங்கள், பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். 80 என்பது 2022 வாக்கில் தொழிற்சாலை வாசலில் நின்ற எஃப்-35ஏயின் (எஃப்-35இன் ஒரு வகை) ஏறத்தாழ விலை மட்டும். ஒருவர் கொழுந்து லொறியின் விலையை மட்டும் சொல்ல, மற்றவர் டயரும் ஐந்து வருடக் கராஜ் செலவும் சேர்த்துச் சொல்வது போல. போலந்து 2020 ஜனவரியில் 32 எஃப்-35ஏயைப் பயிற்சி, பராமரிப்பு உதவியோடு 4.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 144 மில்லியன். விவாதத்தில் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பலத்தில் எஃப்-35இன் பெரிய கை, ரேடாருக்கு எளிதில் அகப்படாமை. ரேடார் எட்டும் தூரம், இலக்கு திருப்பியனுப்பும் எதிரொலி அளவின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால்தான் தூரம் பத்தில் ஒரு பங்காகும்: 200 கிலோமீற்றரில் தெரிந்திருக்க வேண்டியது 20இல்தான் தெரியும். ஆனால் இறக்கைக்குக் கீழே ஏவுகணை தொங்கவிட்டால் இந்த மறைவு கெட்டுவிடும். ரஃபேல் 9.5 தொன் வெளியே தூக்கும், மாக் 1.8இல், அதாவது ஒலியைவிட 1.8 மடங்கு வேகத்தில், பறக்கும். ஆனால் இரண்டும் ஒரே பறப்பில் நடக்காது. விளம்பரத் தாளில் இருக்கும் உச்ச எண்களைக் கூட்டிப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இன்னொன்று, காலையில் எத்தனை விமானம் கிளம்பும் என்பது. அமெரிக்க அரச கணக்காய்வு அலுவலகம் தந்த அறிக்கைப்படி 2023 மார்ச்சில் எஃப்-35களில் பணிக்கு ஆயத்தமாக இருந்தவை சுமார் 55 சதவீதம். 10,000க்கு மேற்பட்ட பாகங்கள் திருத்தத்துக்குக் காத்துக் கிடந்தன. பத்து வாங்கினால் ஐந்தோ ஆறோ. சுவீடனின் கிரிப்பன் போர்விமானம் இதற்கு நேர் எதிராக யோசித்துச் செய்தது: 800 மீற்றர் நெடுஞ்சாலைத் துண்டில் இறங்கும், ஒரு தொழில்நுட்பவியலாளரும் ஐந்து சாதாரணச் சிப்பாய்களும் பத்து நிமிடத்தில் எண்ணெயும் ஏவுகணையும் ஏற்றித் திருப்பி அனுப்பலாம் என்பது தயாரிப்பாளர் கணக்கு.

நம்ம மலைநாட்டையே எடுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றரில் ஏழு நிமிடம்கூட ஆகாது. ஆகவே நீண்ட பறப்புத் தூரத்துக்குக் காசு கொட்டுவதில் அர்த்தமில்லை. பார்வைதான் பிரச்சினை. மேற்குக் கரையில் நிற்கும் ரேடாருக்கு, 2,524 மீற்றர் பீதுருதலாகலைத் தொடருக்கு அப்பால் ஊவாப் பள்ளத்தாக்கில் தாழப் பறப்பது தெரியாது. மேலிருந்து கீழே பார்க்கும் ரேடார் வேண்டும். கீழே பார்த்தால் பாறை, தேயிலைச் சரிவு, லயத்துத் தகரக்கூரை எல்லாமே எதிரொலிக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து விமானத்தைப் பிரித்தெடுப்பது டொப்லர் முறை, அதாவது நெருங்கும் வேகத்தால் எதிரொலியின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம். விமானம் நெருங்காமலும் விலகாமலும் குறுக்கே பறந்தால் நிலத்தின் எதிரொலியோடு கலந்து மறைந்துவிடும். பயிற்சி பெற்ற விமானி தப்புவதற்கு இதைத்தான் செய்வார்.

இலங்கை 2021இல் தன்னிடமுள்ள இஸ்ரேலியப் போர்விமானமான கிபிரில் 5ஐப் புதுப்பிக்க 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தமிட்டது. ஒன்றுக்கு 10 மில்லியன்; ஒரு எஃப்-35இன் வெறும் விலையில் எட்டுக் கிபிரைப் புதுப்பிக்கலாம். புதிய ரேடார், தொடர்பாடல், தலைக்கவசம் பொருத்தும் வகையில் மின்னணு அமைப்பை மாற்றுவதே அந்த வேலை. கிபிரின் ஜே79 எஞ்சின் 1950களின் வடிவமைப்பு, எண்ணெயை விழுங்கும். எதிரணி "கிபிர் பழசு" என்றால், எந்தப் பகுதி பழசு என்று கேளுங்கள்.