மேலே செம்மண், கீழே என்ன?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் ஒரு லே-அவுட்டில் 4 சென்ட் மனை பார்த்து வைத்திருக்கிறோம். இடம் முழுக்கச் செம்மண், வீடு கட்ட இதைவிட நல்ல மண் கிடைக்காது என்கிறார் புரோக்கர். பக்கத்துக் காடெல்லாம் கரிசலாக இருக்கிறதே என்று என் மாமனார் இழுக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, சாத்தூர்

பதில்: மாமனார் பேச்சைக் கேளுங்கள். சுற்றிலும் கரிசல் இருக்க உங்கள் மனையில் மட்டும் செவல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் லாரியில்தான். லே-அவுட் போடும்போது ஒன்றிரண்டு அடிக்குக் கிராவல் அடித்து ரோலர் ஓட்டிவிடுவார்கள், பார்க்க லட்சணமாக இருக்கும், அதற்குக் கீழே பருத்தியும் உளுந்தும் விளைந்த அதே மண்தான் கிடக்கும்.

கரிசலில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களி, மழைக்குத் தண்ணீரைக் குடித்து ஊதும், கோடையில் காய்ந்து கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இதில் வீடு கட்டினால் வெளிச்சுவர் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும், நடு ஹாலுக்கு அடியில் ஈரம் அப்படியே தங்கும். ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏற, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும், வருஷா வருஷம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் வந்து நிற்கும். அந்த லே-அவுட்டில் ஏற்கெனவே வீடு கட்டியவர்களின் காம்பவுண்டுச் சுவரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மனைக்காரரிடம் கேட்டு, ஜேசிபி வைத்து ஒரு ஓரமாக ஏழெட்டு அடிக்குக் குழி எடுங்கள். அவர் அதற்குத் தயங்கினால் நானாக இருந்தால் வேறு மனை பார்ப்பேன். நாலைந்து அடியில் கெட்டிச் சரளை வந்தால் கவலையில்லை, கடைக்காலை அதன்மேல் உட்கார வைத்துவிடலாம். கரிசல் இறங்கிக்கொண்டே போனால் இன்ஜினீயரைக் கூப்பிட்டு முறையாக மண் பரிசோதனை செய்யுங்கள். எவ்வளவு ஊதும் என்பதை லேபில் பார்க்கிற விதம் எளிமையானது: சலித்த காய்ந்த மண்ணில் 10 கிராமைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் போட்டு வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது, தண்ணீரில் ஊதும். மண்ணெண்ணெயில் இருக்கும் மண்ணின் அளவைவிடத் தண்ணீரில் இருப்பது 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் சாதாரண அஸ்திவாரத்தை நம்ப வேண்டாம்.

அதற்கும் வழி இருக்கிறது. அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் பைல், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. குமிழின் விட்டம் தூணின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்கு இருக்கும், ஆழமான கரிசலில் 3.5 மீட்டருக்குக் குறையாமல், ஈரம் ஏறி இறங்காத இடம்வரை கொண்டுபோவார்கள். செலவு கூடும்தான், மனை விலை பேசும்போதே அதைக் கணக்கில் கழித்துப் பேசுங்கள். இன்னொன்று, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்புவார்கள், கொத்தனார் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் விடாதீர்கள்.

அப்புறம், கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டை இணையத்திலேயே எடுத்துப் பாருங்கள். நஞ்சையா புஞ்சையா என்பதோடு மண் எந்த வகை என்று சொல்லும் ‘மண் வயனமும் ரகமும்’ என்ற ஒரு கட்டமும் அதில் உண்டு. நஞ்சை என்று இருந்தால், நீங்கள் வாங்கப்போவது நிரப்பிய வயலாகவும் இருக்கலாம்.

கேள்வி: புது வீட்டைச் சுற்றிப் பத்தடி இடம் இருக்கிறது. எந்தச் செடி வைத்தாலும் துளிர் இலை மஞ்சளாகிவிடுகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டும் பலனில்லை.
- வாசகர், மேடவாக்கம்

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். கடப்பாரையால் ஓரடி குத்திப் பாருங்கள், சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, பூச்சுச் சிதறல் வரும் என்று நினைக்கிறேன். சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தை ஏற்றிவிட்டால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, நீங்கள் சொல்கிற அடையாளம் அதற்குத்தான் பொருந்துகிறது. செடி வைக்கிற இடத்தில் மட்டும் இரண்டடி எடுத்துக் கழித்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். ‘வி’ வடிவில் அரையடிக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சுரண்டி, நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து அரை கிலோ போதும். பழைய உரச் சாக்கில் மட்டும் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், ரிசல்ட் தப்பாக வரும்.

கேள்வி: எங்கள் வீடு கரிசலில்தான் இருக்கிறது. சுவரை ஒட்டிப் பெரிய வேம்பு. வெட்டிவிடலாமா?
- வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். வேம்பு இத்தனை வருஷம் உறிஞ்சி உலர்த்தி வைத்த மண், மரத்தை ஒரேயடியாக வெட்டினால் மறுபடி ஈரம் ஏறி ஊதி, இல்லாத விரிசலைக் கொண்டுவரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிளையைக் கழியுங்கள், சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்காமல் தளம் போட்டு வெளியே சரித்துவிடுங்கள், விரிசல் ஏற்கெனவே இருந்தால் இன்ஜினீயர் பார்த்த பிறகு மரத்தைத் தொடுங்கள்.